ஒஸ்தாவும் உஸ்தாதும்: ஒரு சவரக்கத்தியின் கதை

ஒஸ்தா மாமா என்றதும் என் வயதொத்த கிழக்கிலங்கை முஸ்லிம் ஆண்களுக்கு முதலில் எழும் நினைவு பயம்தான். புதுச் சாரன், தலையில் தொப்பி, கழுத்தில் மாலை, சனம் நிறைந்த வீடு, பைத்துச் சத்தம், வெளியே பட்டாசு. இத்தனைக்கும் நடுவே ஒரு தோல் பையோடு அமைதியாக வந்து உட்காரும் ஒரு மனிதர். "மேல பாருங்க மனே, முகட்டுல காகம்" என்பார். பார்த்த கணத்தில் வேலை முடிந்திருக்கும். அந்தக் காகத்தை நான் இன்றுவரை காணவில்லை.

அதே மனிதர்தான் எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளின் தலைமுடி களைந்தவர். மூத்தவாப்பாவுக்குக் கிழமைக்கொரு முறை மொட்டை வழித்து, தாடி ஒதுக்கி, மீசை கத்தரித்து விட்டவர். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் களத்திலிருந்து அவருக்கென்று நெல் போகும். ஆனால் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏறி அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. திண்ணையில் ஒரு பலகை. தேத்தண்ணிக்கு வேறு கோப்பை. அந்தக் கோப்பை அடுப்படி இறப்பில் தனியாகச் செருகியிருக்கும். இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் நமக்குள் சாதி கிடையாது என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குகிற நாம், அந்தக் கோப்பையையும் எங்காவது எழுதி வைக்கவேண்டும்.

2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். சலூன்கள் மூடப்பட்டன. நான் தாடி வைத்திருப்பவன். கன்னத்தின் மேற்புறத்தையும் கழுத்தையும் மட்டும் வழித்து ஒழுங்காக்கிக் கொள்வது வழக்கம். (தாடியின் எல்லை எது என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. எங்களூரில் அதற்கு ஆட்கள் குறைவில்லை.) வீட்டிலிருந்த பிளேட்டுகள் தீர்ந்தன. கடைகளும் இல்லை. எங்கள் பின்வேலிக்கு அப்பால்தான் ஒஸ்தா மாமாவின் வளவு. எண்பதைத் தாண்டிவிட்டார். தொழிலை விட்டு வெகுகாலம். வேலியருகே நின்று விசயத்தைச் சொன்னேன். தன் வலது கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது.

"இந்தக் கையால உங்கட கழுத்துல கத்தி வைக்கேலா சேர். கத்திய தாறன். நீங்களே வழிங்க. நான் சொல்லித் தாறன்."

சின்ன வயதில் 'மனே' என்று கூப்பிட்டவர், நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபின் 'சேர்' என்கிறார். எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை.

கத்தி, மடக்குக் கத்தி. கறுத்த கொம்புப் பிடி. அலகின் அடிக்கட்டையில் சொலிங்கன் என்ற எழுத்து பாதி தேய்ந்து கிடந்தது. ஜேர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய வாப்பா வாங்கியதாம். துருப்பிடிக்காத இரும்பு அல்ல. கடற்காற்றுப்பட்டால் ஒரே இரவில் செம்புள்ளி விழும் சாதி. அதனால் தேங்காயெண்ணெய் தொட்ட சீலையில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அத்தனை வருசம் தொழில் செய்யாதவர் எதற்காக எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

முதற் கிழமை முழுக்கக் கத்தி முகத்துக்கு வரவேயில்லை. தோல்வாரில் தீட்டப் பழகினேன். வாரை யன்னல் கம்பியில் மாட்டி இடது கையால் இழுத்துப் பிடிக்கவேண்டும். கத்தியைப் படுக்கையாக வைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே இழுபட வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகு தோலைவிட்டு எழாமல் அதன்மேலேயே புரட்டித் திரும்பவேண்டும். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் தோல் வெட்டுப்படும், கூரும் போகும். நான் மூன்றாம் நாளே வாரில் இரண்டு வெட்டுப் போட்டேன். அவர் வார் இல்லாதபோது உள்ளங்கையிலேயே தீட்டுவாராம். அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். பழைய செருப்பின் அடிபோல இருந்தது.

இரண்டாம் கிழமை என் சொந்தக் காலில் வழித்தேன். முழங்காலுக்குக் கீழே, சவர்க்கார நுரை பூசி. "கால்ல வெட்டினா சாரனுக்குள்ள மறைக்கலாம்" என்றார். மறைக்க வேண்டித்தான் வந்தது.

பிறகு கன்னம். பிஸ்மி சொல்லி வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார். அது அவருடைய வாப்பா சொன்னதாம். இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் நபி (ஸல்) அவர்கள் முடிகளைபவரிடம் முதலில் தம் தலையின் வலப்பக்கத்தைக் காட்டினார்கள், பிறகு இடப்பக்கத்தை, என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒஸ்தா மாமா அந்தக் கிதாபைப் புரட்டியவரல்ல. ஹதீஸ் அவர் கைக்கு வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது.

கத்தி கன்னத்தில் படுக்கவும் கூடாது, எழும்பவும் கூடாது. அதன் முதுகுக்கும் தோலுக்கும் இடையே முதுகின் தடிப்புப்போல இரண்டு மடங்கு இடைவெளி. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்கவேண்டும். அரை விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பு. முடி சாய்ந்த பக்கமாகவே முதலில். பக்கவாட்டில் ஒரு நூலளவு சறுக்கினாலும் அது சவரமல்ல, வெட்டு. நான் செய்த பெரிய பிழை, பிளேட் ரேசரில் பழகிய கையால் அழுத்தியது. "அமத்தாதீங்க சேர், கத்திட பாரமே காணும்" என்று வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வரும். அவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது. கத்தி எழுப்பும் ஓசையைக் கேட்டே சொன்னார். சரியான சாய்வில் போனால் காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் வரும். அழுத்தினால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். தாடைக்குக் கீழே முதல் வெட்டு விழுந்தபோது படிகாரக் கட்டியை வேலிக்கு மேலால் நீட்டினார். முன்கூட்டியே கையில் வைத்திருந்திருக்கிறார்.

ஊரடங்கில் வாசிக்கவும் நேரம் கிடைத்தது. வளர்ந்த ஒரு மனிதன் இதைத் தனியாக எப்படிக் கற்பான் என்ற கேள்வி எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. பாரிஸில் கத்தி செய்யும் தொழிலாளியான ழான் ழாக் பெரே, 1769இல் 'பொகொனொதொமி' என்றொரு புத்தகம் வெளியிட்டார். தனக்குத் தானே சவரம் செய்யக் கற்கும் கலை என்பது அதன் துணைத் தலைப்பு. வசதியுள்ள ஐரோப்பியரின் முகத்தை அதுவரை நாவிதரோ வேலைக்காரரோ வழித்துவிட்டனர். கத்தி சொந்தக்காரனின் கைக்கே வருவதற்குப் புத்தகம் மட்டும் போதாது, நல்ல உருக்கும் வேண்டும். 1740களில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் மணிக்கூடு செய்பவர், மூசையில் முழுதாக உருக்கி ஒரே சீரான உருக்கு எடுக்கும் முறையைக் கண்டிருந்தார். அதன்பின் ஷெபீல்ட் சவரக்கத்தி உலகெங்கும் போனது.

ஆனால் மூசையில் உருக்கு எடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது பழைய தொழில். 'வூட்ஸ்' என்று ஆங்கிலேயர் எழுதிய சொல், கன்னட 'உக்கு', நம் 'உருக்கு' இவற்றின் குடும்பம். 1820ஐ ஒட்டிய காலத்தில் லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டொடார்ட்டும் விஞ்ஞானி மைக்கேல் பரடேயும் இந்த உருக்கை வைத்து ஆராய்ச்சி செய்ததும், அதைப்போல நல்ல கூர் பிடிக்கும் இரும்பு செய்யத்தான். இன்னும் பின்னால் போனால், ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூலெழுதிய அல்-கிந்தி, ஸரன்தீப் உருக்கைத் தனியாகப் பேர் சொல்லிக் குறிக்கிறார். சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவின் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளைத் தோண்டியெடுத்து, அவ்வாறே உலை கட்டி எரித்தும் பார்த்த கில் ஜுலெப்பின் ஆய்வு 1996இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நம்மவர் வரலாற்றை எழுதும்போது அரபு வணிகரின் கறுவாவும் முத்தும் யானையும் தவறாமல் வருகின்றன. இரும்பு வருவதில்லை. உலையடியில் நின்றவனைப் பற்றி எழுத எவருக்கும் ஆசையில்லை போலும்.

கத்தி பிடித்தவனைப் பற்றியாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்-ஷைஸரி, சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஒரு கைநூல் எழுதினார். அதில் குளியலறைகளைப் பற்றிய பகுதியில் முடிவழிப்பவருக்கு வேண்டிய ஒழுங்குகள் வருகின்றன. கை தேர்ந்திருக்க வேண்டும், கத்தி கூராக இருக்கவேண்டும், வேலை நாளில் வெங்காயம், உள்ளி தின்று வாய் மணக்க வரக்கூடாது, பாதுகாவலரின் அனுமதியில்லாமல் சிறுவனின் தலையை வழிக்கக்கூடாது. ஒஸ்தா மாமாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். உள்ளி விசயத்தில் சிரித்தார். "வாப்பாவும் கத்னாவுக்குப் போற நாள்ல உள்ளி தின்ன மாட்டார்" என்றார்.

அதற்கும் முன்பே அந்தலூஸில் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி (இறப்பு 1013ஐ ஒட்டி) தம் 'கிதாபுத் தஸ்ரீப்' என்ற முப்பது பாகப் பெருநூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கி, கருவிகளையும் வரைந்து காட்டினார். அதில் கத்னாவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தம் காலத்துக் கைவினைஞரும் இரத்தம் குத்தி எடுப்போரும் சவரக்கத்தியாலும் கத்தரிக்கோலாலும் வேறு வழிகளாலும் செய்வதைப் பார்த்து, எல்லாவற்றையும் தானே செய்து பார்த்து, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே மேல் என்று தீர்மானிக்கிறார். கொர்டோபாவின் பெருவைத்தியர் ஒஸ்தாவின் வேலையைக் குனிந்து பார்த்துப் படித்திருக்கிறார். அதைத் தன் நூலில் எழுத அவர் வெட்கப்படவில்லை.

கத்தியும் வைத்தியமும் ஒரே கையில் இருந்த காலம் எல்லா நாட்டிலும் உண்டு. லண்டனில் நாவிதரும் சத்திரசிகிச்சையாளரும் 1540இல் ஒரே சங்கமாக்கப்பட்டு, 1745இல்தான் பிரிந்தார்கள். நம் மொழியிலும் அந்தத் தடம் அழியவில்லை. தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றொரு பேர். இலங்கைத் தமிழில் 'பரியாரி' என்றால் நாட்டு வைத்தியரும்தான், முடிவெட்டுபவரும்தான். பரிகாரம் செய்பவர் என்ற சொல் இரண்டு வீட்டு வாசலிலும் நிற்கிறது.

'ஒஸ்தா' இதைவிடத் தூரம் வந்த சொல். துருக்கியில் 'உஸ்தா' என்றால் கைத்தொழிலில் தேர்ந்தவர். எகிப்தில் தச்சரையும் மேசனையும் வாகனச் சாரதியையும்கூட அப்படித்தான் மரியாதையாக விளிக்கிறார்கள். இவற்றின் வேர் பாரசீக 'உஸ்தாத்'. நம் ஒஸ்தாவையும் அந்த வேரில் வைப்பதே பொருத்தம் என்பது என் முடிவு. அப்படியானால் மதரஸாவில் ஓதித் தந்தவரும், திண்ணைப் பலகையில் உட்கார்ந்து முடி களைந்தவரும் ஒரே பட்டத்துக்குரியவர்கள். ஒருவருக்குச் சொல் முழுதாக மிஞ்சியது. மற்றவருக்குத் தேய்ந்து, தேய்ந்தது வசையுமானது. வசையாக்கியவர்களில் நானும் ஒருவன். ஒஸ்தா மாமாவின் மகன் என்னோடு ஐந்தாம் ஆண்டு வரை படித்தான். அவனுக்குக் 'கத்தி' என்று பட்டம் வைத்திருந்தோம். ஒருநாள் அவன் என் பக்கத்தில் உட்கார வந்தபோது, "வெட்டிருவான்டா" என்று சொல்லி வாங்கின் மறுகோடிக்கு ஓடினேன். வகுப்பே சிரித்தது. பிறகு அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லமாட்டேன். நான் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் குபைப் இப்னு அதீ (ரழி) அவர்களின் சம்பவம் எனக்கு ஞாபகம் வருகிறது. ஹிஜ்ரி நான்காம் ஆண்டு அர்-ரஜீஃ என்னுமிடத்தில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, மக்காவில் விற்கப்பட்டு, கொலைக்காகக் காத்துக் கைதியாக இருந்தவர் அவர். வாங்கியவர்கள் அல்-ஹாரிஸின் மக்கள். பத்ருக் களத்தில் தம் தகப்பனைக் கொன்றதற்குப் பழிவாங்க நின்றவர்கள். தன் முடிவு நெருங்கியதை அறிந்த குபைப், சுத்தம் செய்துகொள்வதற்காக அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு சவரக்கத்தியை இரவல் கேட்டார். அவளும் கொடுத்தாள். அவள் கவனிக்காத நேரத்தில் அவளுடைய சின்னப் பிள்ளை தவழ்ந்தோ நடந்தோ அவரிடம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை அவர் தொடையில், கத்தி அவர் கையில். அவள் முகம் வெளிறியதைக் கண்ட குபைப், பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று பயப்படுகிறீரா, நான் அப்படிச் செய்பவனல்லன் என்றார். அவரைவிட நல்ல கைதியைத் தான் கண்டதில்லை என்று அந்தப் பெண் பிற்காலத்தில் சொன்னாள். இது புஹாரியில் உள்ளது.

பயான்களில் இந்தச் சம்பவம் குபைபின் ஈமானுக்கு உதாரணமாகச் சொல்லப்படும். கத்தி பழகியபின் நான் அதை வேறுவிதமாகவும் வாசிக்கிறேன். அவர் இரவல் வாங்கியது எதற்காக? ஹதீஸிலுள்ள சொல் 'இஸ்திஹ்தாத்'. மறைவிட முடியை நீக்குவது என்று பொருள் சொல்வோம். வேர்ச்சொல் 'ஹதீத்', இரும்பு. நேராகப் பெயர்த்தால், இரும்பைப் பயன்படுத்துதல். இயற்கை வழிமுறையான ஐந்து பித்ராக்களில் அது ஒன்று. கத்னாவும் மற்றொன்று. நாற்பது நாளுக்குமேல் தாமதிக்கக் கூடாது என்றும் வருகிறது. ஆக, பருவம் வந்த ஒவ்வொரு முஸ்லிமும் கத்தி பிடித்தே ஆகவேண்டும். அந்த வேலையைத் தன் கையால் தனக்குச் செய்பவன் சுன்னத்தைப் பேணுகிறான். பிறருக்குக் கத்தி பிடித்தவன் மட்டும் எப்படிக் கீழானான்? இந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் தேடினால் கிடைக்காது. நம் திண்ணைகளில்தான் தேடவேண்டும். (சவரக்கத்திக்கு அரபியில் 'மூஸா' என்று பேர். நபி மூஸா (அலை) அவர்களின் பேரை எழுதுவதுபோலவே எழுதுவார்கள். சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.)

கத்தி ஒஸ்தாவிடமிருந்து போன கதை சுருக்கமானது. கிங் காம்ப் ஜில்லெட் 1903இல் கழற்றிப் போடும் பிளேட்டை விற்கத் தொடங்கினார். அந்த வருசம் விற்றது 51 ரேசரும் 168 பிளேட்டும். அடுத்த வருசம் தொகை பல்லாயிரமானது. முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்கென்று 35 இலட்சம் ரேசர்களை வாங்கியது. போரால் வீடு திரும்பியவன் நாவிதரிடம் திரும்பவில்லை. பாதி பிளேட்டை உடைத்துச் செருகும் கத்தி, எயிட்ஸ் பயத்தோடு நம்மூர்ச் சலூன்களிலும் நிலைத்தது. அது நல்ல மாற்றம்தான். ஒரே கத்தியால் ஊரை வழித்த காலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கத்னாவை டொக்டர்மார் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் நல்லதே. காகம் காட்டாமல் ஊசி போட்டுச் செய்கிறார்கள். அவர்களை எவரும் திண்ணையில் இருத்துவதில்லை. அதே வேலை, வேறு கதிரை.

இவ்வளவையும் எழுதப்போகிறேன் என்று ஒஸ்தா மாமாவிடம் சொன்னேன். அவருடைய வாப்பா எந்தெந்த ஊருக்கு உரிமைக்காரராக இருந்தார், நெல் எத்தனை மரைக்கால், எந்தப் பள்ளிவாசலில் கந்தூரிக்கு எந்த இடத்தில் இருப்பார்கள், எல்லாம் சொன்னார். இரண்டு கொப்பி நிறைந்தது. அவர் படத்தையும் பேரையும் போட்டு, கட்டுரைக்கு முகப்பாக வைக்க நினைத்திருந்தேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார்.

"எழுதுங்க சேர். எழுதத்தான் வேணும். பேர மட்டும் போடாதீங்க. ஊரையும் போடாதீங்க. பேத்திக்கு மாப்பிள்ள பார்க்காங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

அதனால்தான் இக்கட்டுரையில் பேரில்லை, ஊரில்லை. உரிமை ஊர்களின் பட்டியலும் இல்லை. அது என் கொப்பியில் இருக்கிறது. அவருடைய மகன், என்னோடு படித்தவன், இப்போது வெளிநாட்டில். ஒருநாள் வாப்பாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தவன் என்னிடமும் கதைத்தான். கத்தி என்னிடம் இருப்பதைச் சொன்னேன். "வச்சிக்கங்க சேர்" என்றான். அவனும் சேர் என்றுதான் சொன்னான்.

ஊரடங்கு தளர்ந்து சலூன்கள் திறந்த பிறகும் நான் வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கத்தியால்தான் வழிக்கிறேன். இருபது நிமிடம் பிடிக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குள் போவேன். விறாந்தையில் இருவருக்கும் கதிரை உண்டு. பார்வை மங்கியதால் பெருவிரலால் என் தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்பார், காதிலிருந்து கழுத்துவரை, மெதுவாக. போன கிழமையும் பார்த்தார்.

"இடப்பக்கம், காதடியில கொஞ்சம் விட்டிருக்கீங்க சேர்."